கரும்பலகையில் இல்லாத பஸ்

வெள்ளைக்காரன் ஆண்டுவிட்டுப் போன நாடுகளின் கதை, கவிதைகளை ஆராயும் துறைதான் பின்காலனிய இலக்கியம். அதுதான் என் பிழைப்பு. கல்யாண வீடுகளில் "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கப்பட்டு நொந்த சக ஆசிரியர்களுக்கு என் பாடு புரியும்.

அப்பா பார்த்த தேர்வு

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் அப்பா, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லாம் ஆங்கிலத்தில். வெளியூர்த் தேர்வாளர் என்னைக் குடைந்து எடுத்துவிட்டார். ஐந்து வருட உழைப்பு போச்சு என்றே நினைத்தேன். பட்டம் தரலாம் என்று அவர் அறிவித்தபோது கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா மட்டும் நிதானமாக இருந்தார்.

"உனக்குப் பயமா இல்லையாப்பா?" என்று வழியில் கேட்டேன். ஆங்கிலம் தெரியாத அப்பா சொன்னார்: "நடுவுல நீ அவரைத் திருப்பி இன்னாவோ கேட்ட பாரு, அப்ப அவரு தண்ணி குடிச்சாரு. அப்பவே தெரிஞ்சிபோச்சு, நீ பாஸுன்னு."

தேவியின் கேள்வி

துறைமுகத்துக்காக ஊரை இழந்த மீனவர்களைப் பற்றிய ஓர் ஆப்பிரிக்க நாவலை நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் வட்டம், அம்புக்குறி எல்லாம் போட்டு 'இடப்பெயர்வு' என்பதை விளக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மாணவி தேவி எழுந்தாள். திருவொற்றியூர்க் குப்பத்தில் இருந்த அவள் வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கடலைவிட்டுத் தள்ளி, மாத்தூரில் வாடகைக்கு இருக்கிறார்கள். "எங்கப்பா தெனமும் ரெண்டு பஸ் மாறி கடலுக்குப் போறாரு சார். இந்தப் படத்துல அந்த பஸ்ஸு எங்க கீது?"

கன்னியம்மாவின் அனுமதி

மீன் விற்கும் பெண்களின் பேச்சைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பதவி உயர்வுக்கு அது அவசியம். பெரும்பகுதி, ராயபுரத்தில் மீன் விற்கும் கன்னியம்மா அக்கா சொன்னது. ஆய்விதழ்க்காரர்கள், அவர் பேச்சைத் திருத்தமான தமிழில் மாற்றினால் போடுகிறோம் என்றார்கள்.

எனக்கு ஆசை விடவில்லை, மாற்றி எழுதினேன். அக்காவிடமே போய், மாற்றிய பக்கத்தைப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டேன். வஞ்சிரத்தை வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். அன்றே கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அக்கா சொன்னது இவ்வளவுதான்: "சோக்கா கீது நைனா. ஆனா என் பேரை எடுத்துடு. இது நான் பேசினது இல்ல."

ஆக, இந்தத் துறையில் நான் மற்றவர்களுக்கு விளக்கியதைவிட மற்றவர்கள் எனக்கு விளக்கியதுதான் அதிகம். பேராசிரியர் என்ற பலகை மட்டும் என் அறை வாசலில் தொங்குகிறது.