வண்டியில் ஒரே ஒரு பூட்டு

இன்று விருத்தாசலம் கடைவீதியில் என் ஹெல்மெட் திருடு போனது.

வண்டியில் ஒரு ஹெல்மெட்டைத்தான் பூட்ட முடியும். வழக்கம்போல் மனைவியுடையதைப் பூட்டிவிட்டு, என்னுடையதைக் கண்ணாடியில் மாட்டியிருந்தேன். அவள் பேரனைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போய் எட்டு மாதமாகிறது.

"ஊர்ல இல்லாதவங்க ஹெல்மெட்ட பூட்டிட்டு, உங்க தலைய அம்போன்னு வுட்டுட்டீங்களே சார்" என்றார் டீக்கடைக்காரர்.

அவளுக்குப் போன் செய்தேன்.

"அதனால என்னங்க, என்னுத மாட்டிக்கிட்டு வூட்டுக்குப் போங்க."

எப்போது வருவாய் என்று இதுவரை கேட்கத் துணியாத நான், "அது உனக்கு வேணுமே" என்றேன்.

"கொழந்த அழுவுது, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் ஹெல்மெட் எனக்கு இறுக்கம். ஆனாலும் சுற்று வழியில்தான் வீடு வந்தேன்.

புதிதாக ஒன்று வாங்கியதும் இரண்டு ஹெல்மெட்டையும் சேர்த்துப் பூட்ட நல்ல சங்கிலி எங்கே கிடைக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடைசியில் 'அவசரமில்லை' என்று எழுதி, அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டேன்.