ராவுத்தரின் குட்டி எஞ்சின்

சென்ற வாரம் பாலசமுத்திரத்தில் வெகுநேரம் இரண்டு கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால்கள் அந்தோணியுடையவை. ரயில்வேயில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயராகி, கொடைக்கானலில் எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர். மீதி அந்தோணி ஒரு எஞ்சினின் முகப்புக்குள் இருந்தார்.

அணைக்கட்டு வேலைக்குக் கல் இழுக்க வந்த நேரோகேஜ் நீராவி எஞ்சின் அது. வேலை முடிந்ததும், பழனி பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் காதர் ராவுத்தர் ஏலத்தில் எடுத்தார். எடுத்தவருக்கு உடைக்க மனம் வரவில்லை. தென்னந்தோப்பில் கொட்டகை போட்டு நிறுத்திவிட்டார். விற்கச் சொல்லி மகன் சண்டை போட்டு, கடைசியில் ஒரு ஒப்பந்தம். ஓடும் என்று அந்தோணி சொன்னால் எஞ்சின் இருக்கும். இல்லையென்றால் பழைய இரும்பு வியாபாரியின் லாரியில் போகும்.

லாரி தோப்பு வாசலிலேயே நின்றது.

இந்த எஞ்சின் பள்ளங்கி வழியாக, பேரிக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே, மேகத்தில் புகையைக் கலந்துகொண்டு கொடைக்கானலுக்கு ஏறுவதாக எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்... தண்டவாளம் யார் போடுவார்கள் என்றெல்லாம் கனவில் கேட்கக்கூடாது.

அந்தோணி வெளியே வந்தார். விரலை முகர்ந்தார்.

"ராவுத்தரே, இதுக்குள்ள என்னத்த ஊத்துனீங்க?"

"ஆயுத பூசைக்கு ஊர்க்காரங்க புகைபோக்கி வழியா அபிசேகம் பண்ணுவாங்க. பாலு, எளநி, பஞ்சாமிர்தம்... தேன் மட்டும் வருசா வருசம் நம்ம வீட்டுல இருந்து போகும்."

"அதான். எல்லாம் அடியில தங்கி, தகடு அப்பளமாட்டம் கெடக்கு. சக்கரம், சட்டமெல்லாம் திடமா இருக்கு. பாய்லர் போச்சு. தீ மூட்டுனா வெடிச்சிரும்."

கவனிப்பாரில்லாமல் கெட்டுப்போன எஞ்சின்கள் உண்டு. கவனிப்பு தாங்காமல் கெட்டது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ராவுத்தர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விசிலாவது ஊதுமா சார்? ஒரு தடவ கேட்டுக்கிர்றேன். அப்புறம் கொண்டு போகட்டும்."

மலைப்பாதையில் பாறை குடைகிறவர்களிடம் கெஞ்சிக் கம்ப்ரஸரைக் கொண்டுவந்தோம். அந்தோணி காற்றுக் குழாயை விசிலில் பொருத்தினார்.

ஊதியது — நீளமாக. மலையில் போய் முட்டித் திரும்பி வந்தது. வயலில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தோணி எஞ்சினில் ஏறி, டிரைவர் நிற்கும் இடத்தில் நின்றார். பின்னாலேயே ராவுத்தர்.

"வெரசா ஏறுங்க" என்றார் ராவுத்தர் என்னிடம்.

ஏறினேன். எதிரே மலைமேல் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க... நகர்வது மேகமா, நாங்களா? மனசு லேசாக, சந்தோஷமாக இருந்தது.

கீழே மகன் வந்து நின்றார். "அத்தா, லாரிக்காரர் கேக்குறாரு."

"வண்டி ஓடிக்கிட்டிருக்கு. எப்படிப்பா விக்கிறது?"

மகன் அந்தோணியைப் பார்த்தார். ஒப்பந்தப்படி அவர் வார்த்தைதானே கணக்கு?

அந்தோணி முன்பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓடுது தம்பி" என்றார்.

நானா? இறங்கவேண்டிய ஸ்டேஷன் இன்னும் வரவில்லை என்று சும்மா இருந்துவிட்டேன்.