காலால் கேட்ட இன்ஜின்

“காதுதானே போச்சு, காலு இருக்குல்ல? அந்தப் பெட்டியை இறக்குங்க.”

என் ஓரகத்தி போட்ட சத்தத்தில், துறைமுகக் கிடங்குக்குள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் சாதாரணமாகப் பேசினாலே அப்படித்தான். ஊர் அவளுக்கு வைத்த பெயர் ஹாரன். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டாள். கேட்டால்தானே கோபம் வரும்.

எங்கள் தீவின் கடல் பிழைப்பைக் கொண்டாட ஒரு மாலை ஏற்பாடு ஆகியிருந்தது. படகுச் சாப்பாடு, படகுச் சத்தம், படகுப் படம். சாப்பாட்டுக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் அடுப்பை வெளியே முற்றத்தில் வைக்கச் சொல்லிவிட்டார் விழாக் குழுச் செயலாளர். அந்தக் காலத்தில் படகில் டிக்கெட் கிழித்த மனுஷன்.

“உனக்குத்தான் ஒண்ணும் கேக்காதேம்மா, உள்ள வந்து என்ன பண்ணப்போற?” என்று அவர் கையை ஆட்டிக் கேட்டதற்குத்தான் அந்தப் பதில்.

அவள் என் கொழுந்தன் பெண்டாட்டி. கொழுந்தன் அக்கரைக்குப் போகும் பெரிய படகில் இன்ஜின் டிரைவர். படகுச் சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனபோது, இவள் கரண்டியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். “படகுல பொம்பளைக்கு என்னடி வேலை?” என்றாள் மாமியார். “உங்க பிள்ளை பட்டினி கெடக்கான். நீங்க வேணா ஏறுங்க” என்றாள்.

சமையலறைக்கு நேர் கீழே இன்ஜின். நடுவில் ஒரு பலகை. அவள் கடிகாரம் பார்த்ததே இல்லை, எல்லாம் உள்ளங்கால்தான். துறைமுக வாயைத் தாண்டி இன்ஜின் வேகம் எடுத்தால் அரிசியைப் போடுவாள். வேகம் குறைந்தால் பானையை இறக்கிக் கட்டிப்பிடித்துக்கொள்வாள், ஏனென்றால் படகு கரையில் ஒரு முட்டு முட்டும். இருபது வருஷம் இப்படி ஓடியது. காதை அந்த இன்ஜின் தின்றுவிட்டது.

அப்புறம் பாலம் வந்தது. படகை இரும்புக்கு வெட்டினார்கள். மறுவருஷம் கொழுந்தனும் போய்ச் சேர்ந்தான். டாக்டர் காதுக்கு ஒரு மிஷின் கொடுத்தார். “காதுக்குள்ள கொசுவை விட்டிருக்கான்” என்று கழற்றிப் போட்டவள் திரும்பத் தொடவில்லை.

எப்போதோ வந்த ஒரு வெளியூர்க்காரர் அந்தப் படகைச் சத்தத்தோடு படம் பிடித்து வைத்திருந்தாராம். அது செயலாளர் கைக்கு வந்ததை நான்தான் சைகையில் சொன்னேன். அன்றிலிருந்து ஒரே பேச்சு. “நான் கேக்கணும்க்கா.” பார்க்கணும் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

மைக்செட்காரர் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியையும் சுவரில் மாட்டியிருந்தார். ஒன்றைப் பலகைத் தரையில் கவிழ்க்க வேண்டும், பக்கத்திலேயே தன் அடுப்பு இருக்க வேண்டும் என்பது இவள் வழக்கு.

“பலகை தீப்பிடிச்சா யார் பொறுப்பு?” என்று செயலாளர் அடுப்பைக் காட்டித் தரையைக் காட்டினார்.

“இத்தனை வருஷம் பலகை மேலதான்யா அடுப்பு எரிச்சேன். பிடிச்சிருந்தா நீ எங்க நின்னு டிக்கெட் கிழிச்சிருப்ப?”

“கவுத்தா சத்தம் அமுங்கிடும்மா” என்றார் மைக்செட்காரர். அதற்குள் அவள் ஸ்டூல் மேல் ஏறிவிட்டாள்.

“இறக்கிடுங்க தம்பி” என்றேன். “இல்லைன்னா அவளே இறக்குவா. பெட்டி ரெண்டாயிடும்.”

ஒரு பெட்டி இறங்கியது. பின்கதவு ஓரம் அடுப்பும் வந்தது.

படம் தொடங்கியது. செருப்பை உதறிவிட்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் உறுமப் பலகை நடுங்கியது. கண்ணை மூடினாள். கொஞ்சம் பொறுத்து, வேகம் எடுத்ததும், அரிசியையும் மீனையும் ஒரே பானையில் போட்டாள். திரையில் கொழுந்தன் கந்தல் துணியில் கை துடைத்துக்கொண்டு நின்றான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கால் விரல் பத்தும் பலகையைக் கவ்விக்கொண்டிருந்தன.

இன்ஜின் வேகம் குறைந்தது. சட்டென்று பானையை இறக்கி, துணியைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பைத்தியக்காரி என்று சிரிக்க வாயெடுத்தேன். என் இரண்டு கையும் முன் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தன. என் வரிசையே பிடித்திருந்தது. செயலாளர் தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். கிடங்குக்குள் உட்கார்ந்துகொண்டு, படகு கரையில் முட்டும் என்று ஊரே காத்திருந்தது.

ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிந்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கினாள்.

“வேகலை. இன்னும் பாதிக் கடல்கூடத் தாண்டலை, அதுக்குள்ள எப்படிக் கரை வந்துச்சு? திருப்பி ஓட்டு.”

படத்தில் பயணத்தை வெட்டிச் சுருக்கியிருந்தார்கள். அது பானைக்குத் தெரியுமா?

செயலாளர் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார்.

“அரைவேக்காட்டைத் தின்னுட்டு ராத்திரி பூரா ஓடப்போறியா? படத்தை ஓட்டுய்யா.”

மூன்று தரம் ஓட்டினார்கள். மூன்று தரமும் எல்லாரும் நாற்காலியைப் பிடித்தோம். மூன்றாவது கரையில் சோறு வெந்திருந்தது. பானை வழித்துக் காலியானது.

மறுநாள் காலையில் என்னை இழுத்துக்கொண்டு மைக்செட் கடைக்குப் போனாள். கவிழ்த்த பெட்டியும் வேண்டும், அதில் ஓடிய சத்தமும் வேண்டும்.

“விக்கறதுக்கில்லம்மா, வாடகைப் பெட்டி” என்று அவர் தலையாட்டினார்.

அவள் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தாள். வந்தவர்கள் எல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டீ வந்தது, குடித்தாள். கடைசியில் அவர் ஆறு விரலைக் காட்டினார். இவள் எழுந்து போய் அதில் ஒரு விரலை மடக்கினாள்.

ஐயாயிரம். வண்டிக்கூலி தனி.