தர்மதேவி ஆலையின் நீராவி

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் தர்மதேவியின் அரிசி ஆலை இருக்கிறது. கணவர் சுமதிநாதன் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, ஆலை முழுக்க தர்மதேவியின் பொறுப்பு. நெல் அவிக்க உமியை எரிப்பார்கள். ஆனால் கரண்ட் போனால் அரவை நின்றுவிடும்.

அதே உமியில் நீராவியும் மின்சாரமும் சேர்த்து உண்டாக்கினால் அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டதும் தர்மதேவி துணிந்து இறங்கினார். பழைய பாய்லரை மாற்றி, டர்பைன் ஒன்றை நிறுவினார். நீராவி முதலில் அதைச் சுழற்றிவிட்டு, பிறகு நெல்லை அவிக்கப் போகும்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஆனந்தராஜ் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"டர்பைன் நல்லா ஓடுது மேடம். ஆனா பாதி ஆவி மேல போய்க்கினு இருக்குதே. கரண்ட் எடுத்தா மட்டும் போதாது. சூட்டுலயும் முக்கால்வாசியை வேலைக்குப் பயன்படுத்தணும். இல்லன்னா மானியம் கிடையாது."

"அப்போ தள்ளுபடியா சார்?"

"நாலு மாசத்துல சரி பண்ணுங்க. மறுபடி வர்றேன்."

ஆத்திரமாக வந்தது தர்மதேவிக்கு. அதிகாரி போனதும் குழாயை ஒட்டியே ஆலையைச் சுற்றி நடந்தார். களத்தில் லட்சுமியம்மாளும் ஆறு பெண்களும் அவித்த நெல்லை வெயிலில் கிளறிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அது காயாமல் நாற்றமெடுக்கும். வீணாகும் ஆவியாலேயே நெல்லைக் காய வைத்தால் என்ன? அங்கேயே நின்று முடிவெடுத்தார்.

உலர்த்தும் எந்திரம் வந்து இறங்கியதும் லட்சுமியம்மாள் எதிரே வந்து நின்றார்.

"எங்கள நிறுத்திடுவீங்களாம்மா?"

தர்மதேவி எந்திரத்தின் பக்கம் கையைக் காட்டினார். "களத்துல வேலை இருக்காது. உள்ள இருக்கும். மிஷின்ல சூடும் ஈரமும் பார்க்கறது இனி உங்க வேலை."

"எனக்குப் படிக்கத் தெரியாதே."

"பஸ் நம்பர் பார்த்துதானே ஏறிக்கினு போறீங்க? அது போதும்."

இரண்டு பெண்கள் நம்பாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அது தர்மதேவிக்கு உறுத்தியது. முதல் வாரம் சூடு மிஞ்சி, அரிசியெல்லாம் நொய்யாக உடைந்தது. "நிறுத்திடலாமே" என்றார் சுமதிநாதன். தர்மதேவி கேட்கவில்லை. சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தார். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத சமணக் குடும்பம் என்பதால், மாலைச் சாப்பாட்டையும் ஆலைக்கே கொண்டுவந்தார். பதினெட்டாம் நாள் அரிசி முழுசாக வந்தது.

ஆனந்தராஜ் மறுபடி வந்த நாளில் அடைமழை. சுற்றுவட்டாரத்தில் கரண்ட் இல்லை. ஆலை மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"சூடு எவ்வளவு?" என்று கேட்டார்.

லட்சுமியம்மாள் முந்திக்கொண்டார். "உள்ள எழுபது சார். ஏறினா இந்த வால்வைக் கொஞ்சம் மூடுவேன். ஈரம் பதினாலுக்கு வந்ததும் எடுத்துடுவேன்."

ஆனந்தராஜ் குனிந்து அளவுமானியைப் பார்த்தார். எழுபது. வெளியே போய்க் கூரையையும் பார்த்துவிட்டு, நனைந்த தலையோடு திரும்பிவந்து அறிக்கையில் கையெழுத்திட்டார்.

எட்டு மாதம் கழித்து மானிய ஆணை கிடைத்தது. அதை வாங்கப் போனபோது தர்மதேவி கேட்டார்: "மிச்சமாகுற கரண்ட்டை வெளிய கொடுக்கலாமா சார்?"

"அதுக்கு வேற மனு போடணும் மேடம். பேஜாரு புடிச்ச வேலை."

"பரவால்ல. ஃபாரத்தைக் குடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் தர்மதேவி.