யப்பான் கடையில் வெள்ளிக்கிழமை

சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கு அடுப்புச் சூடு பழகிவிடும். ஆனால் புதுச் சாப்பாடு ஒன்றை ஒருவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் முதல் வாய் வைக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அவதி மட்டும் கடைசிவரை பழகாது. மாமியாருக்கு முதன்முதலாகக் கறி காய்ச்சிக் கொடுத்தவர்கள் யாராவது இதை வாசித்தால் நான் சொல்வது விளங்கும். உங்களுக்கு அது ஒருநாள் பாடு. எனக்கு நாள் தவறாமல் அதே பாடு.

என் கணவர் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். மீசை அரும்ப முன்னமே கப்பலேறி, கப்பல் குசினியில் சமையல்காரராக இருந்தவர். யப்பான் துறைமுகங்களில் கப்பல் நின்றால் இறங்கிப்போய் ஏதாவது ஒரு சின்ன நூடில்ஸ் கடையில் குந்திவிடுவாராம். எண்பதுகளின் நடுவில் லீவில் வீட்டுக்கு வந்தபோது, எங்கள் மகள் றீற்றா அவரைக் கண்டதும் என் சேலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "அம்மா, இந்த மாமா எப்ப போவார்?" என்று கேட்டாள். அடுத்த நாளே இவர் பட்டணத்தில், பெரியகடைப் பக்கம் ஒரு சின்னக் கடையைப் பேசி முடித்துக்கொண்டு வந்து நின்றார். "ஒரு வரியம் பாப்பம். கடை ஓடினா நிக்கிறன். ஓடாட்டில் திரும்பக் கப்பல்தான்" என்றார். ஆகவே, அந்தக் கடையில் ஒவ்வொரு கோப்பையோடும் என் மனிசனையும் சேர்த்துத்தான் நான் மேசையில் வைத்தேன்.

உள்ளே விழுந்த இடியப்பம்

கோதுமை மாவைக் குழைத்து, இடியப்ப உரலில் போட்டு, கொதிக்கிற தண்ணீருக்குள் நேராகப் பிழிவார். அதுதான் நூடில்ஸ். மாசிக் கருவாட்டை இடித்து அவித்து வடித்த தண்ணீர்தான் சூப். யப்பானில் வேறொரு காய்ந்த மீனைப் போடுவார்களாம். எங்கள் மாசி அதற்குக் கூடப்பிறந்தது மாதிரி என்பார்.

முதல் ஆளாக வந்தவர் அளவெட்டிக் கமக்காரர் ஒருவர். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு ஏதோ சாமான் வாங்கப் பட்டணம் வந்திருந்தார். வாங்கிய சாமானைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கையாலேயே எல்லாவற்றையும் அள்ளிச் சாப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் குசினிச் சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றோம். கை கழுவிவிட்டு, என்னைக் கிட்டக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சொதி திறம், தங்கச்சி. ஆரோ கைதவறி இடியப்பத்தை உள்ளுக்கை போட்டிட்டினம். பரவாயில்லை, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

வாய் வைக்காத வாத்தியார்

யப்பானில் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி, வாய் வைத்து உறிஞ்சிக் குடிப்பார்கள். இவரும் அப்படியே குடித்துக் காட்டுவார். ஆனால் எங்கள் ஊரில் பலர் செம்பில் தண்ணீர் குடித்தாலும் அண்ணாந்துதான் ஊற்றுவார்கள். பொதுப் பாத்திரத்தில் வாய் பட்டால் எச்சில். பென்சன் எடுத்த வாத்தியார் ஒருவர் அந்த ஒழுக்கத்தில் ஒரு அணுவும் பிசகாதவர். சூப் ஆறும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு கோப்பையை நெற்றிக்கு மேலே தூக்கி அண்ணாந்தார்.

சூப் வடிவாகத்தான் இறங்கியது. அதன் பின்னால் நூடில்ஸ் முழுவதும் ஒரே கட்டாக வழுக்கி வந்து, வாயைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுந்தது. நான் துவாயோடு ஓடினேன். எனக்கு அழுகைதான் வந்தது, இவர் கப்பலேறுவது கண்ணில் தெரிந்தது. வாத்தியார் சால்வையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, சாமான் நல்லது. ஆனா ஒரு செம்பு வாங்கி வையும்." அன்றிலிருந்து கேட்பவருக்குச் சூப் செம்பில், நூடில்ஸ் தட்டில். இவருக்கு அதில் இரண்டு நாள் மனவருத்தம்.

இறைச்சி இல்லை

எங்களைப் போன்ற கத்தோலிக்க வேதக்காரருக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது, மீன் ஆகும். சைவக்காரருக்கு அன்றைக்கு இரண்டும் ஆகாது. இது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பாதிக் காலம் கடலில் இருந்தவர், நல்ல எண்ணத்தோடு, "வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை" என்று ஒரு பலகை எழுதி வாசலில் தொங்கவிட்டுவிட்டார். நான் அதைக் கவனித்து வாய் திறக்க முன்னம் ஒரு தாயும் மகளும் உள்ளே வந்து இருந்துவிட்டார்கள்.

மகளுக்குக் கலியாணம். கூறைச் சேலை எடுக்க வந்து, கடை கடையாக ஏறி இறங்கிக் களைத்துப் போயிருந்தார்கள். பலகையைப் பார்த்துவிட்டு இது சைவக் கடை என்று நம்பி வந்திருக்கிறார்கள். இவர் அவர்களின் நெற்றித் திருநீற்றைப் பார்க்கவில்லை. பசித்த முகத்தைத்தான் பார்த்தார். இரண்டு கோப்பையை வைத்துவிட்டு மற்ற மேசைக்குப் போய்விட்டார். நான் குசினியில் உரலோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தேன்.

தாய் எழும்பி மெல்ல உள்ளே வந்தா. உள்ளங்கையில், வடிக்கும்போது தப்பி விழுந்த ஒரு துண்டு மாசி. "தங்கச்சி, இது என்ன?" என்றா. பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். மகளுக்குச் சம்பந்தம் பொருந்தவேண்டும் என்று தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு நேர்ந்து, வருஷக் கணக்காய் வெள்ளி விரதம் பிடிக்கிறவவாம். மகளும் கூடப் பிடிக்கிறவளாம். இப்போது கூறை எடுக்கிற நாளில் இப்படி. ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னால் போதும், கடையிலிருந்த அத்தனை பேரும் எழும்பிப் போயிருப்பார்கள். பட்டணம் முழுக்கக் கதை பரவ ஒரு பின்னேரம் காணும்.

சீலை இடுக்கால் மகளைப் பார்த்தா. அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாய் மாசித் துண்டை என் கைக்குள் வைத்து, விரல்களை மடித்துவிட்டுச் சொன்னா: "அவளுக்குத் தெரியவேண்டாம். பிள்ளை சாப்பிடட்டும். முருகனோடை நான் கதைக்கிறன். நீ முதல் அந்தப் பலகையைக் கழட்டு."

பானை இரண்டு

பலகை அன்றே அடுப்புக்குள் போனது. அடுத்த வெள்ளிக்கு இவர் ஒரு புதுப் பானை வாங்கி, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், இஞ்சி போட்டு மீன் மச்சம் படாத சூப் வைத்தார். நான் குசினிக்கு நடுவில் நின்று இரண்டு பானைக்கும் காவல்.

அந்தத் தாய் திரும்பி வருவா என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. வந்தா. சாப்பிட அல்ல, பார்க்க. நேரே குசினிக்குள் வந்து, மூடியைத் திறந்து மணந்து பார்த்தா. தலையாட்டினா. இவர் முகம் மலர்ந்தது. பிறகு அடுப்படியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டா: "பானை ரெண்டு, சரி. அகப்பை ஏன் ஒண்டு?"

கப்பல் கூட்டாளி

அகப்பையும் இரண்டாகிய பிறகு அந்த மனுசி தன் சனம் முழுவதையும் எங்களிடம் அனுப்பினா. கலியாணச் சேலை எடுக்க வந்த கூட்டம், அந்தக் கூட்டத்தின் கூட்டம் என்று, ஈயோட்டிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமைதான் எங்களுக்குக் கை ஓயாத நாளாகியது. றீற்றா பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அப்பா, எனக்குப் பசிக்குது" என்று அதிகாரம் பண்ணத் தொடங்கியிருந்தாள்.

இவர் சொன்ன ஒரு வருஷம் முடிகிற தறுவாயில், இவரோடு ஒரே கப்பலில் இருந்த கூட்டாளி ஒருவர் வந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றும் வெள்ளிக்கிழமை. மேசையடி வாங்குகளில் இருக்க இடமில்லாமல், வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு ஒரு கோப்பையைக் குடித்து முடித்தார். இவர் வேர்த்து வடிய இரண்டு அகப்பையோடும் ஆடிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போகும்போது சொன்னார்: "மச்சான், கப்பலிலை உனக்குக் கட்டில் இருக்கு எண்டு சொல்லத்தான் வந்தனான். இஞ்சை எனக்கு இருக்க வாங்கே இல்லை. நான் போட்டு வாறன்."

மாக் கப்பல்

தொண்ணூறில் சண்டை மூண்டு, எங்கள் கடை இருந்த கோட்டைப் பக்கம் ஒருவரும் இருக்க முடியாமல் போனது. கடையைத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்டக் கொண்டுபோனோம். பாதையடைப்பில் கோதுமை மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. கப்பல் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவிடாத நான், பருத்தித்துறைக்கு மாக் கப்பல் எப்போது வரும் என்று போகிற வருகிற ஆட்களையெல்லாம் மறித்துக் கேட்டேன். மா வராத நாட்களில் இவர் அரிசி மாவைப் பிழிந்து அவித்துச் சூப்புக்குள் போட்டார். அளவெட்டிக் கமக்காரர் சொன்னது கடைசியில் உண்மையாகவே நடந்துவிட்டது.

அப்படியொரு நாள், அந்தக் கலியாணப் பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். சந்தைக்கு வந்தவள் எங்களைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அன்று வெள்ளி இல்லை, ஆனபடியால் மாசிச் சூப்தான். பிள்ளைக்கு ஊதி ஊதித் தீத்தினாள், தானும் குடித்தாள். தாய் எப்படி என்று கேட்டேன். "சுகம் அக்கா. இப்பவும் வெள்ளி பிடிக்கிறா" என்றாள். பிறகு சிரித்தாள், கண் கலங்கியும் இருந்தது.

"அக்கா, அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அண்டைக்கு என்ரை கோப்பையிலும் ஒரு துண்டு மாசி கிடந்தது. எனக்காக இவ்வளவு காலம் விரதம் பிடிச்ச மனுசி, தெரிஞ்சா உடைஞ்சு போவா எண்டு பேசாமல் விழுங்கினனான்."

சூப்பும் நூடில்ஸும்தான் என் மனிசனைக் கரையில் நிறுத்தியது என்று நான் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்க, அதைச் செய்தது ஒரு தாயும் மகளும் ஆளுக்காள் தெரியாமல் ஒளித்த இரண்டு துண்டு மாசி.