சொர்ணலதா மதினி கேட்ட வெள்ளைச் சுவர்

போடியில் எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து சொர்ணலதா மதினிக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுப்பு வந்தால் மேடை கட்ட வேண்டும். மேடை கட்டினால் நின்றுகொண்டே சமைக்கலாம். கல்லையும் சுவரில் ஒட்டும் டைல்ஸையும் அவரே பார்த்து எடுக்கலாம் என்று அவர் புருசன், என் அண்ணன் சுந்தர்ராஜ், வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

மதினி ஆண்டிபட்டிப் பக்கம். அவருடைய அப்பா தறி நெய்கிறவர். வீட்டை அடைத்துத் தறி கிடந்ததால், சமையலெல்லாம் வெளியே கீற்றுச் சாய்ப்பில்தான். அப்படிப் பட்டப்பகல் வெளிச்சத்தில் சமைத்துப் பழகியவரை எங்கள் அடுப்படியில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அதற்குச் சன்னல் கிடையாது. சுவரெல்லாம் கரி. மத்தியானத்திலும் பல்பு போட வேண்டும். ஒருமுறை சீனி டப்பாவில் உப்பை மாற்றி வைத்தேன். அந்த இருட்டில் அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் அத்தனை பேரும் காபியைத் துப்பினார்கள். மதினி என் முதுகில் ஒன்று போட்டதோடு சரி.

கல் எடுக்கத் தேனிக்கு என்னையும் கூட்டிப்போனார். ஞானதுரை அண்ணாச்சி கடையில் பளிங்கு, மொசைக், கடப்பாக் கல் எல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். மதினி பையிலிருந்து ஒரு தூக்குவாளியை எடுத்தார். உள்ளே புளித்தண்ணீரும் மஞ்சளும். விறுவிறுவென்று ஒவ்வொரு கல்லிலும் தெளித்தார்.

"யம்மா, என்ன பண்றீக! விக்கிற சாமான்ம்மா!" என்று அண்ணாச்சி ஓடிவந்தார்.

"நாளைக்கு என் வீட்டுல இதத்தானே கொட்டப்போறேன்? இன்னைக்கே கொட்டிப் பாத்துருவோம்."

பளிங்கைப் புளி அரித்தது. மொசைக்கில் மஞ்சள் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. கருப்புக் கடப்பாவிலும் வெளுப்பாய் ஒரு தழும்பு விழுந்தது. மதினி தன் தலையில் விரலைத் தடவி, அந்த எண்ணெயைக் கல்லில் தேய்த்தார். தழும்பைக் காணோம்.

"இதான்!" என்று கல்லைத் தட்டினார்.

அப்புறம்தான் வெள்ளை டைல்ஸைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பியதும் தெரு வெயில் அண்ணாச்சி முகத்தில் போய் அடித்தது. அவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். "ஏலே செல்வமணி, பாருடா!" என்று மதினி என் தோளைப் பிடித்து உலுக்கினார். மாதிரிக்கென்று ஒரு நாலு டைல்ஸை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். போடி வரும் வரை மதினி அவற்றை மடியை விட்டு இறக்கவில்லை.

அண்ணன் பார்த்தான். "கல்லு சரி. இது லாட்ஜ் கக்கூஸ்ல ஒட்டுறதுடி! வர்ற விருந்தாளி எப்படிச் சாப்புடுவான்?"

"அங்கன நிக்கப்போறது நானா விருந்தாளியா?"

"சுண்ணாம்பு அடிச்சாப் போதும்." சுண்ணாம்பில் வெயில் பட்டுத் திரும்பாது என்று மதினி சொன்னது அண்ணன் காதில் ஏறவில்லை.

மேடை எழும்பியது, கடப்பாக் கல்லும் ஏறியது. மறுநாள் கொத்தனார் சுவரைப் பூசி முடித்துவிட்டால் டைல்ஸ் பேச்சே கிடையாது. மதினி அந்த நாலு டைல்ஸையும் அடுப்படி மூலையில் சாத்திவிட்டுப் போனார். திட்டினாலாவது பரவாயில்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணனுக்கு ஏலக்காய் மண்டியில் வேலை. சட்டைப் பையில் எப்போதும் சாம்பிள் பொட்டலம் இருக்கும். அதில் ஒன்றை உருவினேன். சாயங்காலம் அவன் அடுப்படியில் கல் மட்டமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏலக்காயைக் கருப்புக் கல்மேல் கொட்டினேன்.

"மண்டியில குடுத்துவிட்டாகண்ணே. முதல் தரமா ரெண்டாந்தரமான்னு உடனே சொல்லணுமாம்."

"கூமுட்டை! கருப்புல கொட்டுனா நெறம் எப்படிடா தெரியும்?"

சொல்லிக்கொண்டே அள்ளினான். கண் அங்குமிங்கும் தேடியது. மூலையில் சாத்தியிருந்த வெள்ளை டைல்ஸ் ஒன்றைக் கை தானாக இழுத்தது. அதில் பரப்பி, குனிந்து பார்த்தான். "நல்ல பச்சை. முதல் தரம்."

வாசற்படியில் மதினி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏலக்காய்க்குத்தான் வெள்ளை வேணுமாக்கும்? என் கீரைக்கும் கொழம்புக்கும் இருட்டு போதுமா?"

அண்ணன் கையிலிருந்த டைல்ஸைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் காது அவன் கைக்குப் போனது.

"இவன் வேலையா இது?" காதை விடாமலே மதினியிடம் கேட்டான். "எம்புட்டு உசரத்துக்கு வேணும்?"

"மேல முட்டுற வரைக்கும்!"

"அதெல்லாம் முடியாது. உன் கை எட்டுற வரைக்கும்தான்."

காதை உருவிக்கொண்டு ஓடிப்போய் முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். மதினி அதன்மேல் ஏறிக் கையைத் தூக்கினார். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டைல்ஸ் ஒட்டி, அடுப்பு பற்றவைத்த முதல் நாள், வாசல் வெளிச்சம் சுவரில் பட்டு அடுப்படி பூராவும் பரவியது. மதினி ரசத்தைக் கரண்டியில் எடுத்துச் சுவருக்கு நேரே பிடித்தார். பிடித்தவர் கரண்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"ஏலே! இத்தன வருசமா இந்தக் கலங்கல் நெறத்துலயா உங்களுக்கு ரசம் ஊத்துனேன்? ஒருத்தராவது சொன்னீகளா?"

"நாங்க எங்க மதினி பாத்தோம்? குடிச்சோம், அம்புட்டுத்தான்" என்று சொல்லி, தட்டை நீட்டினேன்.