செம்புத் தாயத்து

எங்கள் எதிர்வீட்டுத் திலகாவுக்கு மூடிய இடம் ஆகவே ஆகாது. கொசு பிடுங்கித் தின்றாலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுப்பாள். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் பஸ் ஏறும்போது டிரைவருக்குப் பின்னால் இடம் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். லிஃப்டுக்குள் கால் வைக்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் பயிற்சிக்குப் போனாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நானும் சிரித்தேன்.

அவள் ஆசைப்பட்டுப் போகவில்லை. எக்ஸ்ரே படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டு அலுத்துப் போயிருந்தாள். கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனை, எம்.ஆர்.ஐ. பிரிவில் பயிற்சி தருகிறோம், தேறினால் வேலை என்று கூப்பிட்டது. கூப்பிட்டது அது ஒன்றுதான். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய அப்பா சன்னாசி எங்கள் எஸ்டேட் முழுக்கத் தமுக்கடித்துவிட்டார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர் அவர். ஒரு நாளைக்கு எஸ்டேட்டின் நாலு கிளைக்குப் போய் வருவார், செய்தி பரவக் கேட்பானேன்.

"எம் மக படம் எடுத்துக் குடுத்தாத்தான் டாக்டரே வாயத் தொறக்க முடியும்லா" என்று கோயிலில் வைத்து அவர் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். திலகா பக்கத்தில் நின்று திருதிருவென்று விழித்தாள். அதற்கு மேல் எந்த வாயால் வேண்டாம் என்பாள்?

முதல் சில வாரங்கள் பிழைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்ப்பது, நோயாளிகளின் உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று விசாரிப்பது, உடை மாற்ற வைப்பது எல்லாம் அவளுக்கு நன்றாகவே வந்தது. வினை பரீதா ரூபத்தில் வந்தது. பரீதா அந்தப் பிரிவின் மூத்த டெக்னாலஜிஸ்ட். கோலசிலாங்கூர்க்காரி. திலகாவைவிட ஏழெட்டு வயதுதான் கூடுதல். பேச்சு மட்டும் எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய மண்டோர் மாதிரி. அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் தாங்களே ஒரு தடவை அந்த எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் காந்தக் குழாய்க்குள் முழுதாகப் படுத்து எழ வேண்டும். படுக்காதவர்கள் நோயாளியைத் தொடக்கூடாது, தொடாதவர்கள் தேற முடியாது.

கூடப் பயிற்சிக்கு வந்த செல்வா முதல் நாளே படுத்து, அந்த இரைச்சலிலும் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்தான். திலகா ஒரு தடவை தலைவலி என்றாள், மறு தடவை வயிற்றுவலி என்றாள்.

"அடுத்த திங்கக்கிழம கடைசி" என்றாள் பரீதா. "அன்னிக்கும் படுக்கலன்னா வேற எடம் பாத்துக்க."

வீட்டில் அம்மா தாயம்மாவிடம் மட்டும் திலகா அழுதிருக்கிறாள். அப்பாவிடம் சொல்ல முடியாது. தாயம்மா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். திங்கட்கிழமை விடியலில் மகளை எழுப்பி, கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு தாயத்தை அவள் இடுப்பில் கட்டினார்.

"பூசாரி மந்திரிச்சுக் குடுத்தது. பயம் கிட்ட வராது. யாருகிட்டயும் காட்டாத, சொல்லாத. வெளிய சொன்னா பலிக்காது."

"அம்மா, அங்க உலோகம் எதுவுமே ஆகாதும்மா."

"இது செம்புடி. காந்தம் செம்ப என்னா செய்யும்? நீதான சொன்ன?"

அது உண்மைதான், பெருமையாக அம்மாவுக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான். செம்பானாலும் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கழற்ற மனம் வரவில்லை. அது ஒன்றுதான் துணைக்கு இருந்தது.

மருத்துவமனையில் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். பரீதா வழக்கம்போலக் கேட்டாள்.

"உடம்புல உலோகம் ஏதாச்சும் இருக்கா?"

"இல்லக்கா."

சொன்னால் பலிக்காதே, எப்படிச் சொல்வாள்? நம்மில் எத்தனை பேர் இடுப்பில் கட்டியதை வெளியே சொல்கிறோம்? நானாக இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

படுக்கச் சொன்னார்கள். தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்தார்கள். முகத்துக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டைப் பூட்டினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, முடியவில்லையென்றால் இதை அமுக்கு, வெளியே மணி அடிக்கும் என்றாள் பரீதா. பலகை நகர்ந்தது. கூரை மறைந்தது. மூக்குக்கு மேலே குழாயின் வெள்ளைச் சுவர் வந்து நின்றது. மூச்சு முட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பலகை நின்றபோது இடுப்பில் ஏதோ அசைந்தது. தாயத்து எழுந்து நின்றது. உடைக்குள்ளேயே துடித்து, தலைப் பக்கமாகக் கயிற்றை இழுத்தது. கயிறு முதுகில் அறுத்தது. செம்பு இப்படி இழுக்காது. உள்ளே இரும்பு, மேலே வெறும் செம்புப் பூச்சு. எவனோ பூசாரியை ஏமாற்றியிருக்கிறான், பூசாரி தாயம்மாவை ஏமாற்றியிருக்கிறார், இவள் பரீதாவை ஏமாற்றியிருக்கிறாள்.

"ரெடியா? ஆரம்பிக்கப் போறேன்" என்று ஒலிபெருக்கியில் பரீதாவின் குரல் வந்தது.

ஆரம்பித்தால் அது சூடேறிச் சுடலாம். கயிறு அறுந்தால் முகத்துக்கே பறந்து வரலாம். பந்தை அமுக்கினாலோ வேலை போய்விடும். கை காலை அசைக்க இடமில்லை, யோசிக்கவும் நேரமில்லை. திலகா பந்தை அமுக்கினாள்.

பலகையை வெளியே இழுத்து, கூண்டைத் திறந்த பரீதாவின் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் வினோதம்.

"பயந்துட்டியா? பரவால்ல. இவ்ளோ தூரம் உள்ள போனியே. நாளைக்கு இன்னொரு தடவ பாப்போம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பயத்துக்கு மன்னிப்பு உண்டு. மறைத்துக் கொண்டுபோன இரும்புக்குக் கிடையாது. முன்பு பயிற்சிக்கு வந்த ஒருத்தி கொண்டை ஊசியோடு உள்ளே நின்றாள் என்று அனுப்பிவிட்டார்கள். திலகாவுக்கு அது தெரியும். இத்தனை நாள் யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் ஒளித்து வைத்த பயமே இப்போது அவளைக் காப்பாற்ற வந்து நின்றது.

"பயம்தான்க்கா. ஆனா அதுக்காக அமுக்கல" என்றாள். "இடுப்புல தாயத்து இருக்கு. இரும்பு. நான் பொய் சொன்னேன்."

பரீதா அவளை அந்த அறையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, கத்தரிக்கோலால் திலகாவே கயிற்றை வெட்டினாள். பிறகு பரீதா கத்தினாள் பாருங்கள், கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். இதே காரியத்தை ஒரு நோயாளி செய்திருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். மேலிடத்துக்குச் சொல்லத்தான் போகிறேன் என்றாள். கடைசியில் தண்ணீர் குடித்துவிட்டு, "உன்ன வச்சுக்கிறதும் அனுப்புறதும் அவங்க இஷ்டம். படுத்தியா இல்லையான்னு சொல்றது என் பொறுப்பு. படுக்குறியா?" என்றாள்.

திலகா மறுபடி படுத்தாள். மறுபடி பஞ்சு, கூண்டு, வெள்ளைச் சுவர். இடுப்பில் எதுவும் இல்லை. தகரத்தைச் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி சத்தம் தொடங்கியது. கண்ணீர் இரண்டு காதுகளுக்குள்ளும் வழிந்தது, துடைக்கக் கையை உயர்த்த முடியவில்லை. பயம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. செத்துவிடுவோம் என்றே நினைத்தாள். பந்தை மட்டும் அமுக்கவில்லை.

"படம் ஆடுதுக்கா" என்றானாம் செல்வா, கம்ப்யூட்டரைப் பார்த்து.

"அழுவுறா. ஆடத்தான் செய்யும். நீ எடு."

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. அன்று சாயங்காலம் அவளுக்கு அது தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தாயம்மா ஓடி வந்தார்.

"படுத்தியாடி?"

"படுத்தேன்."

தாயம்மாவின் கை தானாக மகளின் இடுப்புக்குப் போனது. தடவிப் பார்த்தவர் முகம் வெளிறியது.

"எங்கடி தாயத்து?"

"வெட்டிட்டேம்மா."

"அடிப்பாவி! அது இல்லாம எப்பிடிடி உள்ள படுத்த?"

"பயந்துகிட்டேதாம்மா படுத்தேன்."